கொடைக்கானலில் சிறுதொழில்: நகராட்சியிடம் எதைக் கேட்பது, எப்போது கேட்பது

நகராட்சி அலுவலகத்துக்குப் போய் "தொழில் தொடங்கப் பணம் தருவீங்களா?" என்று கேட்டால், இல்லை என்றுதான் பதில் வரும். பணம் இருப்பது வங்கியில். ஆனால் வங்கி கேட்கிற காகிதங்களில் பாதி நகராட்சியிலிருந்துதான் வர வேண்டும். கடை போட இடமும் அங்கேதான் கேட்க வேண்டும். நான் மலைப்பூண்டுத் தொக்கும் ஊறுகாயும் போட்டு விற்கிறேன், எங்கள் மகளிர் குழுவுக்கு ஊக்குநராகவும் இருக்கிறேன். புதிதாகத் தொழில் தொடங்கும் பெண்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "அக்கா, முதல்ல எந்த ஆபீசுக்குப் போகணும்?"

எந்த ஆபீஸ் என்பதற்கு முன்னால், எந்த மாதம் என்று பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் போகாதீர்கள். சீசனில் குப்பை, தண்ணீர், வாகன நெரிசல் என்று அத்தனை பேரும் வெளியில்தான் இருப்பார்கள். உங்கள் மனு மேசையிலேயே கிடக்கும். ஜூலை, ஆகஸ்டில் கூட்டம் குறைந்த பிறகு போனால் உட்கார வைத்துப் பேசுவார்கள். அடுத்த சீசனுக்குள் எல்லாம் கைக்கு வந்துவிடும்.

போனதும், மகளிர் குழுக்களுக்கான அரசுத் திட்டமான நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் சமுதாய அமைப்பாளர் யார் என்று கேளுங்கள். பயிற்சி, குழுக் கடன், 'மதி' பெயரில் குழுப் பொருட்களை விற்கும் வழி எல்லாம் அவருக்குத் தெரியும். நம் ஊரில் பலருக்கு இப்படி ஒருவர் இருப்பதே தெரியாது.

தள்ளுவண்டியிலோ, ஏரிப் பக்கம் தட்டு வைத்தோ, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலோ விற்கிறீர்களா? தெருவோர வியாபாரிகள் கணக்கெடுப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2014-இல் வந்த சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து எல்லோருக்கும் சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. தெருவோர வியாபாரத்தைக் கவனிக்கும் நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பங்காவது வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கணக்கெடுப்பில் விட்டுப்போனவர்கள் நகராட்சியிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். அதை வைத்துத்தான் அவர்கள் தெருவோர வியாபாரிகளுக்கான பிரதமர் ஸ்வநிதி கடனுக்குப் போக முடியும். 2025-இல் தொகையைக் கூட்டினார்கள்: முதல் தவணை 15,000 ரூபாய், அதை ஒழுங்காகக் கட்டினால் 25,000, பிறகு 50,000. நாள் தவறாமல் கட்டுகிறவர்களுக்கு 7 சதவீத வட்டி மானியம் கணக்குக்குத் திரும்பி வரும். அடமானம் கிடையாது. கந்துவட்டிக்காரரிடம் காலையில் வாங்கி மாலையில் கட்டுகிற பெண்களைத் தினமும் பார்க்கிறேன். அவர்கள் ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து அழைத்துப்போய் இந்தக் கடிதத்தை வாங்கிக் கொடுக்க வேண்டும் என்றிருக்கும் எனக்கு.

வாடகைக்குக் கடை பிடிப்பதானால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் கட்டடத்துக்கு வரைபட அனுமதி இருக்கிறதா, அதுவும் வணிகத்துக்கான அனுமதியா என்று உரிமையாளரிடம் நகல் கேட்டுப் பாருங்கள். உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் வரிசையாகப் பூட்டி சீல் வைத்த ஊர் இது. சீல் வைத்தால் உள்ளே இருப்பது உங்கள் சரக்கு. அப்புறம் தொழில் உரிமம். சொத்து வரி ரசீது, வாடகை ஒப்பந்தம், ஆதார் ஆகியவை கையில் இருந்தால் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். எந்தத் தேதி வரை செல்லும் என்பதைக் காலண்டரில் குறித்து வையுங்கள். நகராட்சிக் கடைகள் ஏலத்தில்தான் வரும். அறிவிப்புப் பலகையை அவ்வப்போது பார்த்து, வைப்புத்தொகைக்கு வங்கியில் டிடி (வரைவோலை) எடுத்து வைக்க வேண்டும். ஏலம் எடுத்தவர் உள்வாடகைக்கு விடுகிறேன் என்று வந்தால் தொடவே வேண்டாம்.

சாப்பாட்டுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம். சின்ன அளவில் செய்கிறவர்களுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான். அதில் வரும் 14 இலக்க எண் லேபிளில் இருக்க வேண்டும். கூடவே சேர்மானம், எடை, தயாரித்த தேதி, விலை, உங்கள் முகவரி, சைவம் என்பதற்கான பச்சைக் குறி. மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட வேண்டும், இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்துச் செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று எண்ணாதீர்கள். இந்த மலையில் பிளாஸ்டிக் கட்டுப்பாடு கடுமையானது. நான் கண்ணாடி பாட்டில்தான் வாங்குகிறேன். வத்தலக்குண்டுக்கு இறங்கும் வளைவுகளில் உடையாமல் இருக்க, ஒவ்வொரு பாட்டிலையும் பழைய செய்தித்தாளில் இரண்டு சுற்று சுற்றி, அட்டைப்பெட்டியில் நிற்கவைத்து, இடைவெளியில் வைக்கோல் திணிப்பேன். படுக்கவைத்தால் மூடி வழியாக எண்ணெய் கசிந்து லேபிள் எழுத்து அழிந்துவிடும்.

இயந்திரம் வாங்கும் அளவுக்கு வந்துவிட்டால் திண்டுக்கல் மாவட்டத் தொழில் மையம். விண்ணப்பம் இணையத்தில் போகும் என்றாலும், ஒருமுறையாவது நேரில் போய்ப் பேசுங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் பெண்களும் மலைப்பகுதியினரும் சிறப்புப் பிரிவில் வருகிறார்கள். சொந்தப் பங்கு 5 சதவீதம் போதும். மானியம் நகர்ப்புறத்தில் 25 சதவீதம், கிராமப்புறத்தில் 35. நான்கு லட்ச ரூபாய்த் திட்டம் என்றால் நம் கையிலிருந்து 20,000. கொடைக்கானல் நகராட்சிக்குள் தொடங்கினால் மானியம் ஒரு லட்சம், அதையே பூம்பாறையிலோ மன்னவனூரிலோ தொடங்கினால் 1,40,000. பூண்டு விளைவதும் அங்கேதான். வடுகபட்டிச் சந்தைக்கு மூட்டையாக இறங்குகிற பூண்டை அங்கேயே உரித்து அரைத்தால் நாலு வீட்டுக்கு வேலை கிடைக்கும். நானாக இருந்தால் பூம்பாறையைத்தான் எடுப்பேன்.

இதில் இரண்டு விஷயம் கவனம். புதுத் தொழிலுக்கு மட்டும்தான் இந்த மானியம். கடையைத் திறந்து ஓட்டிக்கொண்டே 'புதிது' என்று எழுதக் கூடாது, கடன் அனுமதி வரும் வரை பொறுங்கள். மானியத் தொகையும் உடனே கைக்கு வராது. மூன்று ஆண்டு வங்கியிலேயே உங்கள் பெயரில் கிடந்து, பிறகு கடனில் கழியும். அதனால் மாதத் தவணையை முழுக் கடனுக்கும் கணக்குப் போட்டு, நவம்பர் மாதிரி வெறிச்சோடிய மாதத்திலும் கட்ட முடியுமா என்று பாருங்கள். வாகனங்களுக்கு இ-பாஸ் வந்த பிறகு, சுற்றுலாக் கூட்டத்தை மட்டும் நம்பித் திட்ட அறிக்கை எழுதுவது சரியில்லை. கீழே மதுரை, திண்டுக்கல் கடைகளுக்கு எவ்வளவு போகும் என்றும் எழுதுங்கள். இயந்திரத்துக்குக் கொட்டேஷன் (விலை எழுதிய தாள்) வாங்கும்போது ஜிஎஸ்டி எண் உள்ள கடையில் வாங்குங்கள். ஆதார், பான், பாஸ்புக் மூன்றிலும் இனிஷியல் ஒன்றுபோல இருக்க வேண்டும். அதைச் சரி செய்யாமல் மலை இறங்கினால் திரும்ப ஏறி வர வேண்டியதுதான்.

தனியாள் கேட்டு நடக்காதவை சில உண்டு: சந்தையில் கழிப்பறை, மழைக்கு மேற்கூரை, தெருவிளக்கு. இவற்றை உங்கள் வார்டு மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்தில் கேளுங்கள். நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று கூடும்போது பத்துப் பேராகப் போங்கள். மனுவில் ஒரே ஒரு கோரிக்கை எழுதி, இடத்தைத் துல்லியமாகக் குறித்து, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, அது கூட்ட நடவடிக்கையில் பதிவாகிறதா என்று நின்று பார்த்துவிட்டு வாருங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் எந்த மனுவையும் கொடுக்காதீர்கள். பதில் வராவிட்டால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அந்த முத்திரை போட்ட நகலைத்தான் முதலில் கேட்பார்கள்.