ஃப்ரோசன் ஷோல்டர்: ஊசி எந்த இடத்தில் போட்டார்கள் என்று கேளுங்கள்

எனக்கு வந்தது ஃப்ரோசன் ஷோல்டர், அதாவது தோள்மூட்டைச் சுற்றிய உறை சுருங்கி இறுகிப்போவது. இடது கையால் பேன்ட் பின்பாக்கெட்டைத் தொட முடியவில்லை. ராத்திரி அந்தப் பக்கம் படுக்கவும் முடியாது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. தைலம், ஒத்தடம், வலி மாத்திரை எல்லாம் வீண். பெங்களூரில் வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் போட்ட ஊசி, மரத்துப்போன நேரம் வரைதான் கேட்டது. அது மூட்டுக்குள் போகவில்லை. மூட்டுக்கு மேலே, உராய்வைக் குறைக்க இருக்கும் சிறு நீர்ப்பைக்குள் போட்டது.

அடுத்த டாக்டர் முழங்கையை விலாவோடு ஒட்டவைத்து, முன்கையை அவரே வெளிப்பக்கம் திருப்பிப் பார்த்தார். நகரவில்லை. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. தசைநார் கிழிசலில் நம்மால் முடியாவிட்டாலும் பிறர் திருப்பினால் பெரும்பாலும் திரும்பும். மூட்டு உறை சுருங்கியிருந்தால் யார் திருப்பினாலும் திரும்பாது. எக்ஸ்ரே சுத்தம் என்பதால் தேய்மானமும் இல்லை.

அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே, பின்பக்கமாக மூட்டுக்குள் 40 மி.கி. டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு, கூடவே மரத்துப்போக லிக்னோகைன் போட்டார். முதல் ஓரிரு நாள் வலி கூடலாம். ஸ்டீராய்டால் சர்க்கரைக்காரர்களுக்கு ரத்தச் சர்க்கரை அளவு சில நாள் எகிறும் (இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை), வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கட்டும். ஊசி வலியைத்தான் அடக்கும். அது அடங்கியிருக்கும் வாரங்களில் குனிந்து கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது, குச்சி பிடித்து வெளிப்பக்கம் தள்ளுவது இரண்டையும் தினமும் செய்ததில்தான் கை திரும்பியது. பின்பாக்கெட் கடைசியாகத்தான் எட்டும்.