மார்ச் விடுமுறையில் பனிச்சறுக்கா? நேரம் பாருங்கள்

மார்ச் பள்ளி விடுமுறைக்கு ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோ போகும் சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு. அந்த மாதத்தில் பனி நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. முந்தின நாள் வெயிலில் இளகியது இரவில் உறைந்து, காலையில் கல்லாகக் கிடக்கும். வெயில் ஏற ஏற மேல்பரப்பு மட்டும் இளகும். புதிதாகக் கற்பவர்களுக்கு அதுதான் நல்ல நேரம். கிழக்கு பார்த்த சரிவு முதலில் இளகும். வடக்கு பார்த்தது பிற்பகலிலும் இறுகியே இருக்கலாம். மற்ற இடங்களில் அதற்குள் பனி நீர்கோத்துக் கனத்துவிடும். காலில் கட்டிய சறுக்குப் பலகையான ஸ்கீ அதில் திடீரென மாட்டி முழங்கால் திருகிக்கொள்ளும். பிள்ளைகள் “கடைசியா ஒரு ரவுண்டு” என்று கெஞ்சுவதும் சரியாக அப்போதுதான்!

மலை ரோந்துக்காரர்கள் சரிவு திறக்கும் முன்பே போய்ப் பார்த்துவிடுவார்கள். இன்று எது இறுகியிருக்கிறது என்று அவர்களிடமே கேளுங்கள். அவர்கள் கட்டிய கயிற்றைத் தாண்டாதீர்கள். ஹொக்கைடோவின் நிசெகோ பனிச்சறுக்குத் தளத்தில் தாண்டினால், மலையேற்றும் லிஃப்டுக்கான பாஸ் பறிபோகும். யாராவது அடிபட்டு விழுந்தால், அவருக்குச் சற்று மேலே இரண்டு ஸ்கீயைக் குறுக்காக நட்டு, சரிவின் பெயரோடு ரோந்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

அப்புறம், சாங்கியில் ஏறுமுன் பயணக் காப்புறுதியில் பனிச்சறுக்கு உண்டா என்று பாருங்கள். குறித்த சரிவுக்கு வெளியே நடப்பதைப் பல திட்டங்கள் ஏற்பதில்லை.