பரணில் கிடைத்த பழைய கருவி: பெயர் தேடும்போது செய்யும் தவறுகள்

ஊர் வீட்டுப் பரணை ஒதுங்க வைக்கும்போது சாக்குக்குள் இருந்து பெயர் தெரியாத ஒரு பழைய சாமான் வருகிறது. உடனே உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கத் தொடங்குகிறோம். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆனது. மடக்குக் கத்தி மாதிரி ஒன்று கிடைத்தது, ஒரு முனையில் சின்னக் கத்தி, மறு முனையில் கூரான ஆணி. சித்தப்பா ஆசையாகத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டார். அது பனையோலையில் எழுதும் மடக்கெழுத்தாணி, கத்தி ஓலையை நறுக்க, ஆணி எழுத. பிடியில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த பெயர் பாதிக்கு மேல் போய்விட்டது, யாருடையது என்று இனி சொல்லவே முடியாது. இன்னமும் எனக்கு அது ஆறவில்லை. மண்ணை மெல்லிய துணியால் தட்டிவிட்டாலே போதும்.

அடுத்த தவறு, கையில் இருப்பதை முழுக் கருவி என்று நம்புவது. மரம் கரையானுக்குப் போய்விடும், இரும்புதான் மிஞ்சும். மரக்கலப்பையின் கொழுவை, அதாவது மண்ணைக் கீறும் இரும்பு முனையை, ஈட்டி முனை என்று எடுத்து வைத்தவர்களும் இருக்கிறார்கள், உலக்கைப் பூணை, அதன் நுனியில் மாட்டும் இரும்பு வளையத்தை, ஏதோ காப்பு என்று நினைத்தவர்களும் இருக்கிறார்கள். மரம் செருகிய துளையோ பள்ளமோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எடை போடாமல் விடுவதும் தவறுதான். உருண்டையாகவோ சதுரமாகவோ ஒரு இரும்புக் கட்டி ஏறக்குறைய 1.4 கிலோ இருந்தால் அது வீசை என்ற பழைய அளவின் எடைக்கல்லாக இருக்கலாம், 700 கிராம் என்றால் அரை வீசை, 280 கிராம் என்றால் ஒரு சேர். ஒரு வீசைக்கு 40 பலம், ஒரு பலம் சுமார் 35 கிராம். கிலோ எடை 1958 முதல்தான் படிப்படியாக வந்தது. துருவை வைத்து மட்டும் வயது சொல்லாதீர்கள், ஒரு மழைக்காலம் நனைந்தாலே இரும்பு கிழடு தட்டிவிடும்.

ஆனால் நான் அதிகம் பார்ப்பது உருவத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைக்கும் தவறு. அடிப்பக்கம் சேர்த்துக் கட்டிய இரண்டு மரக்கட்டைகளைக் காட்டி, அடுப்படி இடுக்கி என்று ஒருவர் அடித்துச் சொன்னார், போட்டோவை வைத்துத் தேடினாலும் அதே மாதிரி பதில்தான் வந்தது. சரி, இடுக்கி என்றால் நுனி கருகியிருக்க வேண்டாமா? இதில் கருகல் இல்லை, உள்பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது, அதாவது மிருதுவான எதையோ வைத்துப் பல வருஷம் நசுக்கியிருக்கிறார்கள். அது பனையேறிகளின் கடிப்பு. பனையின் பூங்குலையான பாளையை இடுக்கி நசுக்கிவிட்டு, நுனியைப் பாளை அரிவாளால் சீவினால்தான் பதநீர் சொட்டும். தேய்மானம் எங்கே இருக்கிறது, வலது கைக்காரர் பிடித்ததா இடது கைக்காரர் பிடித்ததா, வெட்டினார்களா நசுக்கினார்களா என்று பார்ப்பதுதான் பாதி வேலை. போட்டோ எடுத்தால் பக்கத்தில் ஒரு அளவுகோல் வையுங்கள், தேய்ந்த இடத்தைக் கிட்டத்தில் எடுங்கள், எங்கே கிடைத்தது என்பதையும் எழுதுங்கள். தூத்துக்குடிப் பக்கம் செம்மணல் தேரிக்காட்டு ஊர் என்ற ஒரு வார்த்தை போதும், பனை தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள்.

அப்புறம், பெரியவர்களிடம் கேட்கும்போது “இது எழுத்தாணியா?” என்று பதிலையும் சேர்த்துக் கேட்காதீர்கள், மரியாதைக்காக ஆமாம் என்று தலையாட்டிவிடுவார்கள். பேசாமல் கையில் கொடுங்கள். அந்தக் கட்டையை ஒரு தாத்தாவிடம் கொடுத்தபோது அவர் பெயரே சொல்லவில்லை, ஒரு கை எதையோ பற்றியதுபோல் காற்றில் நின்றது, இன்னொரு கை மெதுவாக இடுக்கி இடுக்கிக் காட்டியது.