யார்க்கில் அறை எடுக்கிறீர்களா? மதிலை ஒட்டித் தேடுங்கள்

இங்கிலாந்தின் யார்க் நகரில் அறை தேடும்போது, நட்சத்திரங்களை எண்ணுவதற்கு முன் வரைபடத்தைப் பாருங்கள். பழைய நகரைச் சுற்றி ஏறத்தாழ 3.4 கிலோமீட்டர் கல் மதில் இன்றும் நிற்கிறது. அதற்குள்ளோ, அதை ஒட்டியோ கிடைக்கும் விடுதிதான் என் தேர்வு. ரயில் நிலையமும் மதிலுக்குச் சற்று வெளியேதான். அங்கிருந்து மின்ஸ்டர் பேராலயத்துக்கு 15 நிமிட நடை.

பகல் கூட்டம் கலைந்த பின், ஷாம்பிள்ஸ் சந்தில் ஒருமுறை நடந்து பாருங்கள். இரு பக்கத்து மர வீடுகளின் மாடிகளும் தலைக்கு மேல் ஏறக்குறைய முட்டிக்கொள்ளும்! ஊருக்கு வெளியே தங்கி, கடைசி பஸ்ஸுக்கு ஓடுபவர்களுக்கு அந்த நேரம் வாய்ப்பதில்லை.

ஒன்று மட்டும்: பழைய கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் இருக்காது, கார் நிறுத்தவும் இடம் அரிது. முழங்கால் வலியுள்ள பெரியவர்களோடு செல்வதென்றால், கீழ்த்தள அறை உண்டா என்று கேட்ட பிறகே பணம் கட்டுங்கள்.