டோபமினை ‘மகிழ்ச்சி’ என்று எழுதாதீர்கள்: உயிரியல் உளவியலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரீஷியஸில், காத்ர் போர்னில் இருக்கும் என் வீட்டுக் கூடத்தில் வாரம் இரண்டு மாலை முதலாண்டு உளவியல் மாணவர்களுக்கு டியூஷன் எடுக்கிறேன். நடத்தையின் உயிரியல் அடிப்படை என்ற பாடம் தொடங்கியதும் வருடா வருடம் அதே தவறுகள் வந்து நிற்கும். எல்லாம் அந்த வயதில் நானும் செய்தவைதான். மூளையின் பகுதிகளான அமிக்டலாவையும் ஹிப்போகாம்பஸையும் மாற்றி எழுதுவது போன்றவை இரண்டு முறை படித்தால் சரியாகிவிடும். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

மூளையில் பத்து சதவீதம்தான் பயன்படுகிறது

இல்லை. எந்தப் பகுதியும் சும்மா கிடப்பதில்லை, தூங்கும்போதுகூட.

இடது மூளைக்காரர், வலது மூளைக்காரர்

ரோஜர் ஸ்பெரிக்கு 1981இல் நோபல் பரிசு வாங்கித் தந்த ஆய்வுகளில், வலிப்பு நோய்க்காக இரண்டு அரைக்கோளங்களையும் இணைக்கும் நரம்புக் கற்றை வெட்டப்பட்டவர்கள் இருந்தார்கள். உங்களுக்கும் எனக்கும் அந்தக் கற்றை முழுசாக இருக்கிறது. பெரும்பாலானோருக்குப் பேச்சு இடப்பக்கம் சார்ந்தது, அது சரி. அதை வைத்து ‘நான் வலது மூளை, கணக்கு வராது’ என்று சொல்ல முடியாது.

ஒரு ரசாயனம், ஓர் உணர்ச்சி

இதுதான் என்னை இன்றும் கோபப்பட வைக்கும் தவறு. மூளையில் செய்தி கடத்தும் ரசாயனங்களை, டோபமின் மகிழ்ச்சி, செரட்டோனின் அமைதி, ஆக்ஸிடோசின் அன்பு என்று மாணவர்கள் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். நானும் செய்தேன். அதற்கு விலை கொடுத்தவர் என் மாமா.

அவருக்குப் பார்க்கின்சன் நோய். நடுமூளையில் டோபமின் சுரக்கும் நரம்பு செல்கள் அழிந்துகொண்டே போகும் நோய் அது. கை நடுங்கியது, நடை குறுகியது, முகம் அசையாமல் இறுகிப்போனது. அப்போது நான் முதலாண்டு மாணவி. ‘மாமாவுக்கு மகிழ்ச்சி தரும் ரசாயனமே தீர்ந்துபோச்சு அத்தை, நாம எதைச் செய்தாலும் அவருக்குச் சந்தோஷம் தெரியாது’ என்று பாடம் படித்த தைரியத்தில் சொன்னேன். அத்தை நம்பிவிட்டார். ‘கோவிலுக்கு வர்றீங்களா’ என்று கேட்பதைக்கூட நிறுத்திவிட்டார். இரண்டு வருடம் மாமா ஜன்னலோர நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் வருடக் காவடிக்குத் தம்பி அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தான். பந்தியில் ஏழு கறியும் பரிமாறி, கடைசியில் பாயசம் விட்டார்கள். மாமாவின் விரல் இலையோரமாக மெல்ல நகர்ந்து, பாயசத்தைத் தொட்டு வாய்க்குப் போனது. முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. குனிந்தால்தான் கேட்கும் குரலில், ‘நல்லாயிருக்கு, இன்னும் கொஞ்சம்’ என்றார்.

இழந்தது முகத் தசைகளின் அசைவு. அத்தையிடம் நான் சொன்னதோ வேறு. பார்க்கின்சனோடு மனச்சோர்வு வருவதும் உண்டு, ஆனால் அசையாத முகம் அதற்கு அத்தாட்சி ஆகாது.

ஆய்வுகள் காட்டுவதும் அட்டவணைக்குள் அடங்காது. நரம்பியல் ஆய்வாளர் வொல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளின் டோபமின் செல்களைக் கவனித்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அவை துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்டதும், துடிப்பு விளக்குக்கு மாறிவிட்டது, சாறுக்கு இல்லை. விளக்கு எரிந்தும் சாறு வராதபோது, வரவேண்டிய நேரத்தில் துடிப்பு குறைந்தது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அவை சொல்கின்றன. கென்ட் பெரிட்ஜ் ஆராய்ந்த எலிகளுக்கு டோபமின் ஏறக்குறைய இல்லாமலே போயிருந்தது. தாமாகப் போய்ச் சாப்பிடவில்லை. நாக்கில் இனிப்பு நீரை விட்டால் உதட்டை நக்கி ரசித்தன. தேடிப் போவது ஒன்று, ருசிப்பது வேறு. அசைவு, கற்றல் என்று டோபமினுக்கு இன்னும் வேலைகள் உண்டு. எந்த நரம்புச் சுற்றில், அதைப் பிடித்துக்கொள்ளும் எந்த ஏற்பியில், எந்த நேரத்தில் என்று கேட்காமல் அதன் பெயரை எழுதாதீர்கள்.

‘எண்டார்ஃபின், அதனால் வலிக்கவில்லை’

அலகு குத்தி கோர் தெ கார்த் மலைக்கோவில் படியேறுகிறவரைப் பற்றிக் கேட்டால் இந்த ஒரே வரிதான் வருகிறது. எண்டார்ஃபின் என்பது உடலே சுரக்கும் வலி நிவாரணி. தவறு என்று சொல்ல மாட்டேன், பாதியில் நின்ற பதில். மெல்சாக்கும் வாலும் 1965இல் முன்வைத்த ‘வாயில்’ கோட்பாட்டில் வலிச் செய்தி முதுகுத்தண்டிலேயே கூட்டவும் குறைக்கவும் படுகிறது, மூளையும் மேலிருந்து அதில் தலையிடுகிறது. பத்து நாள் விரதம், சுற்றிலும் அரோகரா, வேலன்மேல் வைத்த கவனம் இவையெல்லாம் அந்தத் தலையீட்டில் சேரும். 1978இல், பல் பிடுங்கியவர்களுக்குப் போலி மருந்து தந்த நிவாரணத்தை, எண்டார்ஃபினின் வேலையை முடக்கும் நலோக்சோன் என்ற மருந்து தடுத்தது. எண்டார்ஃபினைத் திறந்துவிட்டது அவர்களின் எதிர்பார்ப்பு. இதையும் எழுதினால்தான் உளவியல் பதில்.

ஸ்கேனில் ‘எரியும்’ பகுதி

எதுவும் எரியவில்லை. எஃப்.எம்.ஆர்.ஐ. என்ற மூளை ஸ்கேன் அளப்பது ரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தை, அதுவும் சில விநாடி தாமதமாக. படத்தில் தெரியும் வண்ணம் கணக்குப் போட்ட பிறகு பூசப்படுவது.

ஃபினியாஸ் கேஜ்

1848இல் அமெரிக்காவில் வெர்மான்ட்டில், ரயில் பாதை வேலையில் இருந்த கேஜின் தலையை ஆறு கிலோ எடையுள்ள இரும்புக் கம்பி துளைத்துக்கொண்டு போனது. ‘அன்றோடு அவர் குணம் கெட்டது’ என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் அதற்குப் பிறகு சிலி நாட்டில் பல வருடம் பயணிகள் குதிரைவண்டி ஓட்டியிருக்கிறார். பல குதிரைகளை ஒன்றாகப் பிடித்து ஓட்ட முன்யோசனை வேண்டும், பயணிகளோடு பழகவும் தெரியவேண்டும். கம்பிக்கு மூன்று வரி எழுதுகிறவர்கள் அந்த வண்டிக்கு ஒரு வரியாவது எழுதுங்கள்.