கயிற்றை அவிழ்க்காமலே நாயோடு படம்

கொடைக்கானலில் குடும்பப் படம் எடுக்க நாயோடு வருபவர்கள் முதலில் கேட்பது, "அண்ணா, கயிறு அசிங்கமா தெரியுது, அவுத்து விட்டுரலாமா?" என்பதுதான். நான் விடுவதே இல்லை. காட்டெருமை ஊருக்குள்ளேயே வந்து மேய்கிற இடம் இது, அதைப் பார்த்துக் குரைத்துக்கொண்டு ஓடும் நாய், அது முட்ட வந்ததும் நேராக நம்மிடம்தான் திரும்பி ஓடிவரும், பின்னாலேயே எருமையும்.

கயிற்றைப் படத்திலிருந்து எடுப்பது சுலபம். கேமராவை ட்ரைபாடில் பூட்டி, ஃபோகஸ், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் எல்லாவற்றையும் தானாக மாறாதபடி மேனுவலில் வைத்துக் கயிற்றோடு எடுக்கிறேன்; அப்புறம் எல்லாரையும் நகரச்சொல்லி அதே இடத்தை வெறுமையாக ஒரு படம். இதை உடனே எடுக்க வேண்டும், மூடுபனி இறங்கிவிட்டால் இரண்டும் ஒட்டாது. ஃபோட்டோஷாப்பில் வெறும் படத்தின்மேல் கயிற்றுப் படத்தை வைத்துக் கயிறு இருக்கும் இடத்தை மட்டும் மாஸ்க் செய்தால், அதாவது மறைத்தால், கீழே இருக்கும் புல் தெரியும்.

கயிறு மெல்லியதாக, பக்கவாட்டில் புல்லின்மேல் மட்டும் போகவேண்டும், பிடிப்பவர் ஃப்ரேமுக்கு வெளியே. ராஜபாளையம் மாதிரி குட்டை முடி நாயின் முதுகில் விழுந்தால் அழித்த தடம் அப்படியே தெரியும். கழுத்துப் பட்டையின் கொக்கியைப் பிடரிப் பக்கம் திருப்பிவிடுங்கள், சரியாக இருக்கும்.