வாடகை வீட்டு ஏசியும் கீசரும்: கெடாமல் காப்பது எப்படி

சென்னையில் வாடகைக்கு விட்ட வீட்டின் ஏசி, சொந்த வீட்டு ஏசியைவிடச் சீக்கிரம் பாழாகிறது. இயந்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. "இன்னும் ஆறு மாசத்தில் காலி பண்ணப் போறோம்" என்று குடியிருப்பவர் ஃபில்டரைக் கழற்றுவதில்லை. குளிரவில்லை என்று போன் வரும்வரை உரிமையாளரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஆகவே யார் எதைச் செய்வது என்பதை முதலில் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

நடைமுறையில் சரியாக வரும் பங்கீடு இது: ஃபில்டர் கழுவுவது, ரிமோட் பேட்டரி, டிரெயின் (ஏசித் தண்ணீர் வெளியேறும் பைப்) அடைப்பு ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. வருடம் இரண்டு வாட்டர் சர்வீஸ், கேஸ் (குளிரூட்டும் வாயு), கம்ப்ரஸர், பிசிபி (ஏசியை இயக்கும் மின்னணுப் பலகை), ஒயரிங் ஆகியவை உரிமையாளர் செலவு. சர்வீஸ் செலவைக் குடியிருப்பவர் தலையில் கட்டினால் அது நடக்கவே நடக்காது. சில நூறு ரூபாயை மிச்சம் பிடித்துக் கம்ப்ரஸரை இழப்பதில் லாபம் இல்லை. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை கீசர், சுவிட்ச் போன்ற சில்லறைப் பழுதுகளைக் குடியிருப்பவர் பக்கமும் ஒயரிங்கை உரிமையாளர் பக்கமும் வைக்கிறது. ஏசியைப் பற்றித் தெளிவாக எழுதிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

சாவி கொடுக்கும் நாளில் செய்ய வேண்டியது

அவுட்டோர் யூனிட்டின் பெயர்ப்பலகையைப் போட்டோ எடுத்து ஒப்பந்தத்தோடு இணையுங்கள். மாடல், சீரியல் எண், எந்த கேஸ், எத்தனை கிராம் என்று எல்லாம் அதில் இருக்கும். பிறகு ஏசியை 18 டிகிரியில், ஃபேனை முழு வேகத்தில் வைத்து 15 நிமிடம் ஓட்டுங்கள். இன்டோருக்குள் போகும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரால் அளந்து எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள். இரண்டுக்கும் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் ஏசி நலமாக இருக்கிறது. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் கொஞ்சம் குறையும். 5 டிகிரிகூட இல்லையென்றால் அழுக்கோ கேஸ் கசிவோ இருக்கிறது. காலி செய்யும் நாளில் இதே அளவை மீண்டும் எடுத்தால், அட்வான்ஸில் பிடித்தம் பற்றிய பாதிச் சண்டை வராது.

ஃபில்டரும் டிரெயினும்

கோடையில் 15 நாளுக்கு ஒரு முறை, மெயின் ரோடு ஓரமாக இருந்தால் வாரம் ஒரு முறை, வலையைக் கழற்றிப் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் விட்டுக் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் வளைந்துவிடும். ஃபில்டர் அடைத்தால் உள்ளே குளிரும் குழாய்ச்சுருளான காயில் மேல் காற்று ஓட்டம் குறைந்து ஐஸ் கட்டும். ஐஸைக் கண்டதும் "கேஸ் போச்சு" என்று முடிவு கட்டாதீர்கள். ஃபில்டரைக் கழுவி, ஃபேன் மட்டும் ஓடவிட்டு ஐஸை உருக்கி, மீண்டும் குளிர வையுங்கள். மறுபடி ஐஸ் வந்தால்தான் கசிவைச் சந்தேகிக்க வேண்டும்.

சுவரில் தண்ணீர் வழிந்தால் பெரும்பாலும் டிரேயில் பாசி, அல்லது டிரெயின் பைப்பில் சரிவு இல்லை. மீட்டருக்கு 1 செ.மீ. சரிவாவது வேண்டும். பைப் நுனி பக்கெட் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தாலும் நீர் திரும்பும். சர்வீஸ் முடிந்ததும் டிரேயில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, தடையின்றி வெளியே வருகிறதா என்று மெக்கானிக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

சர்வீஸ் நேரத்தில்

பிப்ரவரியில் ஒன்று, மழைக்காலம் முடிந்ததும் ஒன்று. இன்டோர் காயிலோடு உள்ளே சுழலும் புளோயரையும் கழுவ வேண்டும். அடைத்த நாற்றம் அங்கிருந்துதான் வருகிறது. பிசிபியைப் பாலிதீனால் மூடாமல் ஜெட் அடிக்க விடாதீர்கள். ஆசிட் கலந்த கிளீனரையும் விட வேண்டாம். அலுமினியத் தகட்டின் பூச்சை அரித்துவிடும்.

பெசன்ட் நகர், திருவான்மியூர், கிழக்குக் கடற்கரைச் சாலை வீடுகளில் உப்புக் காற்றுதான் முதல் எதிரி. மாதம் ஒரு முறை ஏசிக்கான எம்சிபியை (மின்பலகையில் உள்ள பாதுகாப்பு சுவிட்ச்) அணைத்துவிட்டு, அவுட்டோர் காயிலை அழுத்தம் குறைந்த நல்ல தண்ணீரால் அலச வேண்டும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதைத் தொடாதீர்கள். அவுட்டோரைத் தாங்கும் பிராக்கெட்டையும் போல்ட்டையும் பாருங்கள். துருப்பிடித்த பிராக்கெட்டோடு மூன்றாம் மாடியில் தொங்கும் யூனிட் கீழே நடப்பவர் உயிருக்கு ஆபத்து. அவுட்டோரைச் சுற்றிப் புறாக்கூடும், போர்டுக்குள் பல்லியும் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். பல்லி புகுந்து பிசிபி எரிவது நம்மூரில் அடிக்கடி நடப்பது.

கேஸ் டாப்-அப்: பணம் வீணாகும் இடம்

கேஸ் பெட்ரோல் போலச் செலவாகிற பொருள் அல்ல. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஆண்டுதோறும் டாப்-அப் போடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான். முதலில் ஃபிளேர் நட்டுகளில் (செப்புக் குழாயை யூனிட்டோடு இணைப்பவை) எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு சோப்பு நுரை. அங்கே தெரியாவிட்டால் நைட்ரஜன் ஏற்றி, அழுத்தம் இறங்குகிறதா என்று சோதிக்க வேண்டும். ஓட்டையை அடைத்த பின் வாக்யூம் பம்பை அரை மணி நேரமாவது ஓட்டி ஈரத்தை வெளியேற்றிய பிறகே கேஸ் நிரப்பலாம். பம்ப் கொண்டுவராமல், கேஸையே கொஞ்சம் விட்டு உள்காற்றைத் தள்ளும் மெக்கானிக்கைத் திருப்பி அனுப்புங்கள்.

கேஸை எடை மெஷினில் வைத்து, பெயர்ப்பலகையில் உள்ள கிராம் அளவுக்கே ஏற்ற வேண்டும். இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரஸர் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால், கேஜ் முள்ளை மட்டும் பார்த்து நிரப்பினால் அளவு தப்பும். ஆர்-22, ஆர்-32, ஆர்-290 என்பவை கேஸ் வகைகள். ஆர்-22 யூனிட்டில் ஆர்-32 போடவே கூடாது. ஆர்-32இன் அழுத்தம் ஒன்றரை மடங்குக்கு மேல், எண்ணெயும் வேறு. ஆர்-32 தீப்பற்றக்கூடியது, ஆர்-290 இன்னும் எளிதாகப் பற்றும். வெல்டிங் செய்யும் முன் கேஸை முழுக்க வெளியேற்றியாக வேண்டும். பில்லில் எந்த கேஸ், எத்தனை கிராம், எங்கே கசிவு என்று எழுதி வாங்குங்கள்.

பழைய, இன்வெர்ட்டர் இல்லாத ஏசியில் அவுட்டோர் ஃபேன் சுற்றுகிறது, கம்ப்ரஸர் முனகி நின்றுவிடுகிறது என்றால் கம்ப்ரஸரை மாற்றச் சம்மதிக்கும் முன் அதைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டரை மீட்டரால் சோதிக்கச் சொல்லுங்கள். அதன் மேல் எழுதிய மைக்ரோஃபாரட் அளவிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் மாற்ற வேண்டியதுதான்.

கீசர்

15 லிட்டர், 2 கிலோவாட் கீசர் 28 டிகிரித் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர 17 நிமிடம் போதும். மின்னழுத்தம் 190 வோல்ட்டுக்கு இறங்கினால் அதே வேலைக்கு 25 நிமிடம் ஆகும். ஆகவே மெதுவாகச் சுடுகிறது என்று புகார் வந்தால் முதலில் வோல்ட்டேஜைப் பாருங்கள். போர் தண்ணீரின் சுண்ணாம்பு எலிமென்ட்டில் (தண்ணீரைச் சூடாக்கும் கம்பி) படிந்தாலும் சூடாகும் நேரம் பெரிதாக மாறாது; அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை. எலிமென்ட் உள்ளுக்குள் அளவுக்கு மீறிச் சூடேறி ஒரு நாள் வெடித்துவிடும். கடகடவென்ற சத்தம் கேட்டால் அதுதான் முன்னறிவிப்பு.

வருடம் ஒரு முறை கரண்ட்டையும் தண்ணீரையும் நிறுத்தி, தொட்டியை வடித்து, எலிமென்ட்டைக் கழற்றி சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊற வையுங்கள். கழிவறை ஆசிட் தொட்டியின் உட்பூச்சைத் தின்றுவிடும். தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபடும் மெக்னீசியம் ஆனோடு என்ற தண்டு தேய்ந்து நடுக்கம்பி தெரிந்தால் மாற்றுங்கள். அது தீர்ந்த பிறகு அரிப்பு தொட்டிக்குப் போகும்.

தண்ணீர் சுடும்போது சேஃப்டி வால்வில் சொட்டுவது இயல்பு. தொந்தரவு என்று அதை அடைத்துவிடும் பிளம்பர்கள் உண்டு. அடைத்த கீசர் வெடிகுண்டு மாதிரி. கீசருக்கு 16 ஆம்பியர் பிளக், சரியான எர்த், 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் கரண்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) மூன்றும் கட்டாயம். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள்.

சமையல் கேஸில் எரியும் கேஸ் கீசரைக் குளியலறைக்குள் வைக்க யாருக்கும் அனுமதி தராதீர்கள். மூடிய அறையில் அது வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை.

வீடு காலியாக இருக்கும் மாதங்களில்

எம்சிபியை அணைத்து, ரிமோட்டிலிருந்து பேட்டரியை எடுத்துவிடுங்கள். மாதம் ஒரு முறை ஏசியை 20 நிமிடம் குளிர வைத்து, கடைசியில் ஃபேன் மட்டும் ஓடவிட்டு உள்ளே உலர்த்துங்கள். கீசரை வடித்து வையுங்கள். புதிய குடித்தனம் வந்ததும் வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்று அடங்கித் தண்ணீர் சீராக வந்த பின்பே கீசர் சுவிட்சைப் போட வேண்டும். வெறும் தொட்டியில் எலிமென்ட் எரியச் சில நிமிடம் போதும்.